ஒரு ‘முடியாது’ கிடைக்குமா?

“நடக்காத காரியமாப் பார்த்து யார்கிட்டயாவது கேளுங்க. ‘முடியாது’ன்னு ஒரு பதில் வாங்கிட்டு வாங்க. வாங்கினதும் மனசு என்ன பாடுபட்டுதுன்னு ஒரு பக்கம் எழுதணும். வியாழக்கிழமை சாயங்காலம் கடைசி. வாங்காதவங்களுக்கு முட்டைதான்.”

பல்கலைக்கழகத்தில் மனவலிமைப் பாடம் எடுக்கும் ஆசிரியை இப்படிச் சொன்னதும் வகுப்பே சிரித்தது.

சென்டம் மட்டும் சிரிக்கவில்லை. அரை மதிப்பெண் குறைந்தாலும் சாப்பிடாமல் படுத்துவிடுகிறவள். அறைத்தோழி வைத்த பட்டப்பெயர்தான் ‘சென்டம்’. யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லை. கேட்டு, இல்லையென்று சொல்லிவிட்டால்?

வியாழக்கிழமை காலையில், வேறு வழியில்லாமல் கிளம்பினாள்.

நூலகத்தில், ‘வெளியே தரப்படாது’ என்று முதுகில் ஒட்டியிருந்த தலையணை அகராதியைக் கேட்டாள். நூலகர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

“இதையும் கேட்டு ஒரு ஆள் வந்தியே! கொண்டு போம்மா. அடுத்த வாரம் குடுத்துடு.”

ஜெராக்ஸ் கடையில், “அண்ணா, உங்க நாற்காலில நான் கொஞ்ச நேரம் உட்காரட்டுமா?” என்றாள்.

அவர் பதறி எழுந்தார். “உட்காரும்மா. தலை சுத்துதா? தண்ணி வேணுமா?”

மழை பிடித்துக்கொண்டது. பேருந்து நிறுத்தத்தில் குடையோடு நின்ற பெண்ணிடம் போனாள்.

“அக்கா, இந்தக் குடையை எனக்கே குடுத்துடுறீங்களா?”

“எனக்கு இதோ பஸ் வந்துடுச்சு. நீ வச்சுக்கோ. புஸ்தகம் நனையுது பாரு.”

போனில் அறைத்தோழி விழுந்து விழுந்து சிரித்தாள். “உன் மூஞ்சியைப் பார்த்துட்டு முடியாதுன்னு சொல்ல யாருக்குடி வாய் வரும்? பேசாம, கிடைச்ச மாதிரி எழுதிக் குடுத்துடு.”

“பொய்யாவா?”

“பின்ன, முட்டை வாங்கப் போறியா?”

சாயங்காலம், ஒரு கையில் அகராதியும் மறு கையில் நீர் சொட்டும் குடையுமாக ஆசிரியையின் அறை வாசலில் நின்றாள்.

“மேடம், காலையிலேர்ந்து அலையறேன். எதைக் கேட்டாலும் எல்லாரும் சரி சரின்னே சொல்றாங்க. இன்னும் ஒரே ஒரு நாள் டைம் குடுங்க மேடம்.”

ஆசிரியை குடையைப் பார்த்தார். அகராதியைப் பார்த்தார்.

“முடியாது.”

“மேடம், ப்ளீஸ்…”

“முடியாதுன்னு சொன்னேனே.”

வெளியே வந்து சுவரோரம் நின்றாள். அங்கே காத்திருந்த கடைசி பெஞ்சுக்காரன் உள்ளே நுழைந்தான்.

“மேடம், நான் இன்னும் எழுதல. நாளைக்குத் தரட்டுமா?”

“சரிப்பா, நாளைக்குக் கொண்டு வா.”

அவன் சீட்டியடித்துக்கொண்டே போனான். சென்டத்துக்குக் காது மடல் சுட்டது. ஆசிரியர்களை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி அறியாதவள், கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே போனாள்.

“இது என்ன நியாயம் மேடம்? அவன் கேட்டா ஒரு நாள் உண்டு, நான் கேட்டா மட்டும் முடியாதா?”

ஆசிரியை எதிர் நாற்காலியைக் காட்டினார். வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து அவள் முன்னால் நகர்த்தினார்.

“அவன் ஊர் பூரா கேட்டு வாங்கிக் கட்டிக்கிட்டதை நேத்தே வந்து சொன்னான். எழுதத்தான் சோம்பல். உனக்குத்தான் யாருமே ஒரு ‘முடியாது’ குடுக்கல, நான் குடுத்தேன். உட்காரு, சூடு ஆறதுக்குள்ள எழுது.”