இல்லாத பிரேக்

“வண்டி போறதுல ஒரு குறையும் இல்ல மச்சான். நிக்கறதுலதான் தகராறு.”

வேறொரு காருக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக் வெளியே வரவில்லை. பேசுவது தங்கையின் கணவர் என்று குரலிலேயே தெரிந்துவிட்டது.

“எங்க நிக்கல?”

“மலைப்பாதையில. இறங்கும்போது பெடல் பஞ்சு மாதிரி உள்ள போயிடுச்சு. நான்தான் கைபிரேக்கை இழுத்து நிறுத்தினேன்.”

மெக்கானிக் சரேலென்று வெளியே வந்தார். “பாப்பா கூட இருந்தாளா?”

“இருந்தா.”

ஐம்பது வயதைத் தாண்டினாலும் தங்கை அவருக்குப் பாப்பாதான். கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். இரண்டே கதவு வைத்த கார். பாய்வதற்கென்றே செய்த பழைய வண்டி. இன்ஜின் இன்னும் இளசு. பிரேக்தான் கிழடு தட்டிவிட்டது.

முன்சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் டிஸ்க் சூட்டில் நீலம் பாரித்துக் கிடந்தது. பிரேக் ஆயில் கரி கரைத்த தண்ணீர் போல இருந்தது.

“இது டிஸ்க்கா, அடுப்புல மறந்து வெச்ச சட்டியா? விரட்டி விரட்டி ஓட்டினாத்தான் மாப்ளே இந்த நீலம் வரும். நடக்கும்போது எறும்புக்கு வலிக்குமோன்னு நடக்கறீங்க. என் பட்டறைக்குள்ள நத்தை மாதிரி உருட்டிக்கிட்டு வர்றீங்க. தெருவைத் தாண்டினா சிறுத்தையா?”

மாப்பிள்ளை தையல்காரர். எதையும் இரண்டு தடவை அளந்துதான் வெட்டுவார். பின்மண்டையைச் சொறிந்தார்.

“பெரிய டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கற நல்ல காலிப்பர், ஆயில் போற புது ஹோஸ்... எல்லாத்தையும் மாத்திடுங்க மச்சான்.”

“மாட்டேன். நல்ல பிரேக் போட்டா அந்தத் தைரியத்துல இன்னும் விரட்டுவீங்க. வண்டிய வித்துடுங்க. நானே ஆள் பாத்துத் தர்றேன்.”

மாப்பிள்ளையின் முகம் தொங்கிப்போனது. “வித்தா வீட்ல சிரிப்புச் சத்தமே நின்னுடும் மச்சான்.”

“நீங்க சிரிக்க என் தங்கச்சிதான் கிடைச்சாளா? சின்ன வயசுல ஊஞ்சலைக் கொஞ்சம் வேகமா ஆட்டினாலே போதும், கத்திக் கூரையைப் பிச்சிடுவா. தெரியுமா உங்களுக்கு?”

“பயந்தா கத்தினா?”

“பின்ன, பாட்டா பாடினா?”

விற்பதென்றால் அடித்தகடு துருப்பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மெக்கானிக் கதவைத் திறந்து, ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையின் கீழே கிடந்த ரப்பர் மேட்டைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது.

மேட்டில் ஓர் ஓட்டை. வலது பாதம் அழுந்துகிற இடத்தில் தேய்ந்து தேய்ந்து விழுந்த ஓட்டை. ஓட்டுபவர் பக்கமாக இருந்தால் சரியாகப் பிரேக் பெடலுக்கு நேர். இந்தப் பக்கம் பெடல் ஏது?

“மாப்ளே...” மேட்டை உயர்த்திக் காட்டினார். “இல்லாத பிரேக்கை மிதிச்சு மிதிச்சு மேட்டே ஓட்டையாகியிருக்கு. உயிரைக் கையில பிடிச்சிக்கிட்டுல்ல உக்காந்திருக்கா! ஒரு நாளாவது என்கிட்ட வாயைத் திறந்தாளா?”

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார்.

“விக்க வேணாம் மச்சான். இந்த மேட்டைத் தேய்ச்ச காலுக்காக நல்ல பிரேக்காப் போட்டுக் குடுங்க.”

அதற்கு மேல் அண்ணன் மனசு என்ன செய்யும்?

மறுநாள் முழுக்க வேறு வண்டியைத் தொடவில்லை. பெரிய டிஸ்க்கும் காலிப்பரும் பழைய சக்கரத்துக்குள் இடித்தன. சக்கரத்தையும் மாற்றினார். ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கிவிட்டு, இன்னொரு தரம் தொட்டுப் பார்த்தார். மேட்டை மட்டும் மாற்றவில்லை. அது மாப்பிள்ளையின் கண்ணை உறுத்த வேண்டும்.

வண்டியை எடுக்க இருவரும் வந்தார்கள். அண்ணன் தங்கையின் தலையைத் தடவினார்.

“இனிமே பயமில்லாம உக்காரு பாப்பா. மலையே உருண்டு வந்தாலும் நிக்கும்.”

அவள் புருஷனைப் பார்த்தாள். புருஷன் கூரையில் பல்லி தேடினார்.

“ஆனா ஒண்ணு மாப்ளே. புது பிரேக் பேடும் டிஸ்க்கும் ஒண்ணுக்கொண்ணு பழகணும். பட்டறைக்குப் பின்னாடி ஆளில்லாத ரோடு இருக்கு. நூறுல போய் அழுத்திப் பிடிங்க. மறுபடி நூறு, மறுபடி பிடிங்க. அதுதான் உங்களுக்குக் கைவந்த கலையாச்சே! என் கண் முன்னால செஞ்சு காட்டினாத்தான் வண்டி வெளிய போகும்.”

“நூறா?” மாப்பிள்ளைக்கு வேர்த்துவிட்டது. “நாப்பதுல போனாப் பழகாதா மச்சான்?”

“நாப்பதுல போனா வெயில்தான் பழகும்!”

“சாவியை இப்படிக் குடுங்க,” என்றாள் பாப்பா.

கூந்தலை இறுக்கி முடிந்துகொண்டு ஸ்டியரிங்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். கண்ணாடியைச் சரிசெய்தாள். இன்ஜின் உறுமியதும் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. ஊஞ்சல் காலத்துக்கு அப்புறம் அண்ணன் பார்க்காத சிரிப்பு.

“அன்னைக்கு ஊஞ்சல்ல அவ கத்தினது பயத்துல இல்ல மச்சான்,” என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை அவசரமாகச் சுற்றிப் போய்ப் பக்கத்து இருக்கையில் ஏறினார். பெல்ட்டைப் பூட்டி, கண்ணை இறுக மூடி, வலது காலை அந்த ஓட்டையில் கச்சிதமாகப் பதித்துக்கொண்டார்.