புது அம்ப்

"ஏன் வாசிக்கிறத நிப்பாட்டிட்டீங்க, பிறெடி அண்ணன்?"

கீழ் வீட்டுப் பைறோஸா வட்டிலப்ப இனிப்புத் தட்டோட வாசல்ல நிண்டா. கிற்றார்ச் சத்தத்துக்கு மன்னிப்புக் கேக்க வசனம் யோசிச்சுக்கொண்டு கதவைத் திறந்த பிறெடி, அதை விட்டிட்டுத் தட்டை வாங்கினார்.

கிற்றார்ச் சத்தத்தைப் பெருக்கிற பழைய அம்ப் பெட்டி இருந்தவரைக்கும் அவர் நல்ல கிற்றார்காரன். அது இரையிற இரைச்சலில பிழையெல்லாம் மூடுப்பட்டுப்போகும். குறை அம்பிலதான் எண்டு நம்பி, போனஸ் வந்த கையோட நல்லதா ஒண்டு வாங்கினார்.

புதுசு ஒண்டையும் ஒளிக்கேல்லை. விரல் கம்பியில இழுபடுற கீச்சு, சரியா அமத்தாத கம்பி 'டொக்' எண்டு செத்துப்போறது, தாளத்துக்குப் பின்னால நொண்டி நொண்டி வாற கை, எல்லாம் பளிச்செண்டு கேட்டுது. தன்னைக் காட்டிக்குடுக்கத் தானே சம்பளம் குடுத்து ஆள் வைச்ச மாதிரி இருந்துது அவருக்கு.

"இதை விக்கப்போறன், தங்கச்சி. கிற்றாரையும் சேத்துத்தான். எனக்குச் சரிவராது."

"அப்பிடிச் செய்யாதீங்க அண்ணன். எவ்வளவு கிளியரா கேக்குது. எங்கட ஹோல்ல ஒரு சத்தம் தப்பாது."

"அதுதானே பிரச்சினை. பிழையுமெல்லோ கேக்கும்."

"கேட்டா கேக்கட்டுமே. இன்டைக்கு அஸர் தொழுகைக்குப் பொறகு வாசிங்க. பெல்கனிக் கதவையும் தொறந்து வைங்க."

வெள்ளவத்தைக்கு வந்த நாளில இருந்து, பிறெடியை 'வாசியுங்கோ' எண்டு கேட்ட முதல் மனுசி அவதான். சொந்த அக்கா எவ்லினே கிற்றார்ச் சத்தம் கேட்டா, "பிறகு எடுக்கிறன்" எண்டு ஃபோனை வைச்சிடுவா.

பின்னேரம் பிறெடி அயன் பண்ணின ஷேர்ட் போட்டு, அம்பை பெல்கனிப் பக்கம் திருப்பிவைச்சு வாசிச்சார். ஒரே இடத்தில திரும்பத் திரும்ப இடறினார். கீழ எட்டிப் பாத்தா, ஒரு புருசனும் பெண்சாதியும், அளவு நாடாவோட இன்னொராளும் அவரையே அண்ணாந்து பாத்துக்கொண்டு நிண்டிச்சினம்.

'ரசிகர்மாரும் வரத் துவங்கிட்டினம்' எண்டு நினைச்சு, சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினார். அவை வேகமா வாகனத்தில ஏறிப் போச்சினம்.

பைறோஸா மூச்சு வாங்க மேல ஓடி வந்தா. கண் கலங்கியிருந்துது.

"பெரிய உதவி செஞ்சிட்டீங்க, அண்ணன்."

"சும்மா போங்கோ தங்கச்சி, இன்னும் எவ்வளவோ பழக இருக்கு."

"ஐயோ வேணாம். ஊட்டுச் சொந்தக்காரர் நாங்க வாடகைக்கு இருக்கிற ஃப்ளட்டை விக்க நிக்கிறாரு. வித்தா நாங்க புள்ளைகளோட ரோட்டுலதான். பாக்க வாறவங்கெல்லாம் உங்கட சத்தத்துக்குத்தான் ஓடுறாங்க."

பிறெடி கிற்றாரையும் அவவையும் மாறி மாறிப் பாத்தார்.

"தயவுசெஞ்சு நல்லா வாசிக்க மட்டும் பழகிடாதீங்க, அண்ணன்."