நிறைந்த வாளி

எங்கள் விடுதியில் விடியற்காலையில்தான் தண்ணீர் வரும். நான் கும்பகர்ணி. என் வாளியையும் என் அறைத்தோழியே நிரப்பி வைப்பாள். போன கோடையில் குழாய் வறண்டபோது, எங்கள் இருவருக்கும் தண்ணீர் இறைக்கப் பின்புறக் கிணற்றுக்குப் போனவள் உள்ளே விழுந்து செத்தாள். கல்லூரி நிர்வாகம் கிணற்றைக் கான்கிரீட் போட்டு மூடியது. கயிற்றையும் எரித்துவிட்டார்கள்.

அடுத்த வாரத்திலிருந்து என் வாளி மறுபடியும் நிறைந்திருந்தது. தண்ணீரில் பாசி வாசனை. முதல் நாள் அழுதேன். மறுநாள் குளித்தேன். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது.

இந்தக் கோடையிலும் குழாய் வறண்டது. என் வாளி மட்டும் நிறைந்தது. பக்கத்து அறைக்காரி தயங்கித் தயங்கி வந்தாள்.

"கோச்சுக்காதடி. என் வாளியையும் உன்னுது பக்கத்துல வச்சுக்கட்டுமா? நாளைக்கு பிராக்டிகல். தலை நாறுது."

"வை. அவகிட்ட நான் சிபாரிசெல்லாம் பண்ண முடியாது."

மாலைக்குள் தாழ்வாரம் முழுக்க வாளிகள் வரிசை கட்டிவிட்டன.

"பாவம்டி, ஒருத்தியா எப்படி இத்தனையும் இறைப்பா?" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

காலையில் அவர்கள் போட்ட கூச்சலில்தான் விழித்தேன். எல்லா வாளிகளும் தளும்பிக்கொண்டிருந்தன. ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடினார்கள். என் வாளியைத் தூக்கப் போனேன். கைப்பிடியைப் பிடிக்க முடியவில்லை. கைகளை விரித்துப் பார்த்தேன். இரண்டு உள்ளங்கைகளையும் கயிறு அறுத்திருந்தது.