வேகமாத்தான் வந்தேன்

"குதிரை வர்றதப் பார்த்தும் நீ சைக்கிளை நிறுத்தல. அப்படித்தானே?"

கேட்டவர் குதிரைப் பண்ணைக்காரர். மகளைப் பறிகொடுத்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அவளுடைய குதிரையின் கடிவாள வாரைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார்.

கூட்டத்தில் சலசலப்பு அடங்கியது. குன்றின் காட்டுப்பாதையில் இனி சைக்கிள் போகலாமா, குதிரைகளுக்கு மட்டும்தானா என்று முடிவு செய்யத்தான் கூடியிருந்தார்கள்.

சைக்கிள் கடைக்காரன் எழுந்தான்.

"ஆமாங்க. வேகமாத்தான் வந்தேன்."

பின்வரிசையில் இருந்த அவன் மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பொய்! குதிரை தூரத்தில் தெரிந்தாலே இறங்கி, ஓரமாக ஒதுங்கி, "வாடா ராசா, நான்தான்" என்று அது மிரளாமலிருக்கக் குரல் கொடுப்பவன் அவன். "அந்த மரியாதையில கால்வாசி எனக்குக் கிடைக்குமா?" என்று அவளே கேலி செய்திருக்கிறாள்.

அன்று நடந்ததை அவளிடம்கூட அவன் சொல்லவில்லை. இங்கேயாவது வாய் திறப்பான் என்று நம்பித்தான் வந்திருந்தாள். திறந்த வாயில் வந்தது இதுதானா?

"கேட்டீங்களா? அவனே ஒத்துக்கிட்டான்!" பண்ணைக்காரரின் குரல் உடைந்தது. "சாப்பிட வாம்மான்னு கூப்பிடத்தான் போன் பண்ணினேன். அடிச்சுக்கிட்டே இருந்துது. எடுக்கல. கடைசியா ஒரு வார்த்தை பேச விடாம பண்ணிட்டானே, பாவி!"

யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

கூட்டத் தலைவர் வாக்கெடுப்புக்கு விட்டார். கைகள் உயர்ந்தன. சைக்கிளுக்குத் தடை.

வாசலில் மற்ற சைக்கிள்காரர்கள் காத்திருந்தார்கள்.

"எங்க தலையிலயும் மண்ணள்ளிப் போட்டுட்டியே! நல்லா இருய்யா!"

அவன் குனிந்த தலை நிமிராமல் நடந்தான்.

காட்டுப்பாதையின் முனையில்தான் அவர்கள் கடை. வரிசையாக நின்ற வாடகை சைக்கிள்களைப் பார்த்ததும் மனைவி பொங்கிவிட்டாள்.

"உள்ளதச் சொல்ல என்ன பயம்? ஊரே கொலைகாரன்னு சொல்லட்டும்னு விட்டுட்டீங்க. இனி இதையெல்லாம் யார் எடுப்பா? கடைய இழுத்து மூடிட்டு ரெண்டு பேரும் எங்க போறது? இப்படி ஒரு கோழையா நீங்க?"

அவன் ஒரு சைக்கிளின் சீட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அதில் தூசியே இல்லை.

"இறங்கித்தான் நின்னேன். குதிரையும் சாதுவாத்தான் வந்துது. அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே 'தேங்க்ஸ் அண்ணா'ன்னு சொல்லுச்சு. அப்பதான் அதோட சட்டைப் பையில போன் அலறுச்சு. குதிரை மிரண்டு முன்னங்காலைத் தூக்கிடுச்சு. கீழ பாறை."

"இத அங்க சொல்லியிருந்தா உங்க மேல என்ன தப்பு?"

அவன் துணியைக் கீழே வைத்தான்.

"ஆம்புலன்ஸைக் கூப்பிட அந்தப் போனைத்தான் எடுத்தேன். அப்பவும் அடிச்சுக்கிட்டேதான் இருந்துது. திரையில 'அப்பா'ன்னு."