ஒட்டியிருந்த இரு காசுகள்

ஆற்றங்கரை மண்ணில் பச்சைக் களிம்பேறி, முதுகோடு முதுகு ஒட்டிக் கிடந்த இரண்டு பழைய வெண்கலக் காசுகள் ஆய்வுக்கூடத்து மேசைக்கு வந்து சேர்ந்தன. ஒன்றில் யானை, மற்றதில் மீன்.

ஆய்வாளர் இரண்டின் விளிம்பிலும் சிறிது தூள் சுரண்டிக் கருவியில் இட்டார். தூளிலிருக்கும் ஈயத்தின் ஐசோடோப்பு விகிதம், அது பிறந்த சுரங்கத்தைக் காட்டிவிடும்.

"ஒரே சுரங்கமானால் ஒரே பெட்டி. இல்லையேல் பிரித்துவிடுவோம்," என்றார் உதவியாளரிடம்.

"கவலையை விடு அண்ணா," என்றது மீன்காசு. "நாம் ஒரு தாய் பிள்ளைகள் என்று நீதானே சொன்னாய்?"

யானைக்காசு கருவியையே பார்த்துக்கொண்டிருந்தது.

முடிவு வந்தது. யானையின் ஈயம் வடக்கு மலையில் பிறந்தது. மீனுடையது கடல் கடந்து வந்தது.

"இத்தனை காலமும் புளுகினாயா, கிழ யானையே?"

"வெள்ளம் நம்மை மண்ணுக்குள் தள்ளிய அன்று நீ ஓயாமல் அழுதாய். நான் யாரோ எவரோ என்றிருந்தால் அடங்கியிருப்பாயா?"

உதவியாளர் மெல்லிய கத்தியொன்றை எடுத்து, இரண்டும் ஒட்டிய இடத்தில் வைத்தார்.

"அண்ணா," என்றது மீன்காசு, "இறுக்கிப் பிடித்துக்கொள்."