மருதாணிக்கு அடியில்

விபத்தில் ஒடிந்த பவித்ராவின் கணுக்காலுக்குள் வைத்த தகட்டில் சிறு விளக்கு இருந்தது. எலும்பில் சீழ் பிடித்தால் தோலுக்கடியில் சிவப்பாக எரியும். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் அது எரிந்தது.

“அம்மா, ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்.”

“ஏட்டி, தகடு வச்ச பொண்ணுன்னு தெரிஞ்சா தாலி கட்டுவாங்களா? சடங்கெல்லாம் முடியட்டும்.” விளக்கு மறையும்வரை கோமதி மகள் காலில் மருதாணியை அப்பினாள்.

மறுநாள் அம்மிமேல் அந்தக் காலை வைத்து மெட்டி போட்டான் மாப்பிள்ளை. “கால் கொதிக்குதே, அத்தை?”

“ஓமச்சூடு, மாப்ளே,” என்று சிரித்து மழுப்பினாள் கோமதி.

மறுவீட்டு விருந்தன்று டாக்டர்கள் பவித்ராவின் காலை முழங்காலோடு எடுத்துவிட்டார்கள். வெட்டிய காலில் கிடந்த மெட்டியை நர்ஸ் கொண்டுவந்து நீட்டினாள். கோமதி கை நீட்டுமுன் சம்பந்தியம்மாள் அதை வாங்கிக்கொண்டாள்.

“இன்னொரு கால்ல கெடக்கதையும் கழத்தித் தாங்க. அடுத்து வாரவளுக்கு ஆவும்.”