கருவறை வாசலில் கேட்ட சத்தம்

கருவறை வாசலுக்கு மேலே இரண்டு பல்லிகள் குடியிருந்தன. பெரியது கத்தினால் போதும், கும்பிட வந்தவர்கள் "சாமியே சொல்லிடுச்சு" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அதற்கோ கூச்சமாக இருக்கும். கொசு பிடித்த சந்தோஷத்தில் கத்தியதுதானே!

"உள்ள சாமி இருக்கா அக்கா?" என்று சின்னது நச்சரிக்கும்.

"தெரியாதுடி. தோள் மேலயே ஏறி வெளையாடிருக்கேன். கல்லு சில்லுன்னு இருந்துச்சு. அவ்வளவுதான் தெரியும்."

ஒருநாள் ஒரு பெண் ஓடி வந்தாள். "எம் புள்ள ஆஸ்பத்திரியில கெடக்கான். பொழைப்பானா? ஒரு வார்த்தை சொல்லு" என்று மேலே பார்த்தபடியே நின்றாள்.

தெரியாததை எப்படிச் சொல்வது? பெரியது வாயை இறுக மூடிக்கொண்டது. மூக்கெதிரே கொசு பறந்தும் அசையவில்லை.

அப்போது தெளிவாக ஒரு பல்லிச் சத்தம் கேட்டது. அவள் அழுதபடி விழுந்து கும்பிட்டுவிட்டுப் போனாள்.

"ஏண்டி கத்தினே?"

"நான் எங்க கத்தினேன்? நீதான்னு நெனச்சேன்."

இரண்டும் மூலைமுடுக்கெல்லாம் தேடின. வேறு பல்லியே இல்லை.

"அக்கா, அப்ப உள்ள..."

"தெரியாதுடி" என்றது பெரியது. இத்தனை நாளும் வெடுக்கென்று சொன்ன அதே பதிலை, இன்றைக்குக் குரலே எழும்பாமல் சொன்னது.